லிங்க் விளக்கு எரிகிறது, ஃபைல் நகரவில்லை: நெட்வொர்க் கார்டு தடுமாறும்போது எங்கே பார்ப்பது?

முழுசாகச் செத்துப்போன நெட்வொர்க் கார்டால் பெரிய தொல்லை இல்லை. விளக்கு எரியாது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகாது, வேறு கார்டு மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆளைப் படுத்தி எடுப்பது அரைகுறையாக வேலை செய்யும் கார்டுதான். காலையில் ஒழுங்காக இருக்கும். மதியம் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் அசையாது. பிங் அடித்தால் மட்டும் பதில் டக்டக்கென்று வரும். "நெட்வொர்க் நல்லாத்தானே இருக்கு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற ஓர் இயங்குதளம்) சர்வரோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். இரவு பேக்கப் ஓடும்போது மட்டும் வேகம் படுத்துவிடும். மூன்று முறை ரீபூட் செய்தேன், இரண்டு கார்டு மாற்றினேன். கார்டு மாற்றிய அன்றிரவு பேக்கப் சீக்கிரம் முடிந்தது. சரியாகிவிட்டது என்று நம்பினேன். உண்மையில் அன்று காப்பி செய்ய வேண்டிய ஃபைல்களே குறைவு, அவ்வளவுதான். அடுத்த நாள் பழைய கதை.

அப்போது எனக்குத் தெரியாமல் போன விஷயம் ஒன்றே ஒன்று. நெட்வொர்க் கார்டு தனக்கு நேர்ந்ததையெல்லாம் தானே கணக்கு எழுதிவைக்கிறது. எத்தனை பாக்கெட் (டேட்டாவின் சின்னத் துண்டு) வந்தது, எத்தனை சிதைந்து வந்தது, எத்தனையை வைக்க இடமில்லாமல் விட வேண்டியிருந்தது என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒருமுறை கூடப் பார்க்காமல் ரீபூட் செய்து, ரீபூட் செய்தபோதெல்லாம் அதை அழித்துக்கொண்டும் இருந்தேன்.

ஒரு பாக்கெட் உள்ளே வரும் வழி

கணக்கைப் படிக்க வேண்டுமானால், பாக்கெட் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேபிளில் வருவது வெறும் மின் அலை. கார்டின் வாசலில் ‘ஃபை’ என்று ஒரு சிப் இருக்கிறது, அது அந்த அலையைப் பிட்டுகளாக மாற்றும். அடுத்து ‘மேக்’ என்ற பகுதி பிட்டுகளைச் சேர்த்து ஒரு பிரேமாக்கி, பிரேமின் கடைசியில் உள்ள 4 பைட் சிஆர்சி எண்ணைச் சரிபார்க்கும். அனுப்பியவர் போட்ட கணக்கும் இங்கே போடும் கணக்கும் ஒத்துவராவிட்டால் பிரேம் அங்கேயே தூக்கி எறியப்படும். அனுப்பியவருக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். தேறிய பிரேமைக் கார்டு நேரடியாக சர்வரின் ரேமில் எழுதும். எங்கே எழுதலாம் என்று டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கும். பட்டியலின் கடைசி இடத்துக்குப் பிறகு மறுபடி முதல் இடத்துக்கே வருவதால் அதற்கு ரிங் பஃபர் என்று பெயர். எழுதி முடித்ததும் கார்டு "வந்து எடுத்துக்கொள்" என்று சிபியுவைத் தட்டிக் கூப்பிடும். இதுதான் இன்டரப்ட். டிரைவர் வந்து பாக்கெட்டை எடுத்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் கொடுக்கும். அதற்கு மேலே ஐபி, டிசிபி என்ற நெட்வொர்க் அடுக்குகள், கடைசியாக உங்கள் புரோகிராம்.

இந்த வழியில் எந்தக் கட்டத்திலும் பாக்கெட் தொலையலாம். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு எண் ஏறும். அதனால் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்தாலே எந்தக் கட்டத்தில் தொலைகிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் தொட்டியைப் பார்ப்போம், பிறகு மோட்டாரை, பிறகு குழாயை. யாரும் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றி மாற்றுவதில்லை.

லினக்ஸில் ‘ஐபி லிங்க்’ கட்டளையில் ‘எஸ்’ என்ற ஆப்ஷனை இரண்டு முறை கொடுத்தால் பிழைகள் வகைவாரியாக விரியும். ‘ஈத்டூல்’ கட்டளையோடு பெரிய எஸ் சேர்த்தால் கார்டுக்குள் இருக்கும் முழுக் கணக்கும் கிடைக்கும். சில கார்டுகளில் நூறு வரிக்கு மேல் வரும், மிரள வேண்டாம். பூஜ்யமாக இல்லாத வரிகளில் எரர், மிஸ்டு, டிராப் போன்ற சொல் உள்ளவற்றை மட்டும் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்றவற்றில் ‘நெட்ஸ்டாட்’ கட்டளையோடு சிறிய ஐ சேர்த்தால், உள்வரும் பிழை, வெளிச்செல்லும் பிழை, மோதல் என்று பத்தி பத்தியாகத் தெரியும்.

மொத்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். சர்வர் 300 நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, 40 பிழை இருக்கிறது என்றால், அது என்றோ ஒருநாள் யாரோ கேபிளைப் பிடுங்கி மாட்டியபோது வந்ததாக இருக்கலாம். எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிவிட்டு, மறுபடி பாருங்கள். எது ஏறியதோ அதுதான் முக்கியம். ஏறாத எண்ணை மறந்துவிடலாம்.

கூடவே கெர்னல் லாகையும் திறந்து பாருங்கள். ‘டிமெசேஜ்’ கட்டளை போதும். அந்தக் கார்டின் பெயரோடு லிங்க் போச்சு, லிங்க் வந்தது என்று மாறி மாறி வரிகள் இருந்தால், அவை எந்த நேரத்தில் வருகின்றன என்று கவனியுங்கள். பேக்கப் நேரத்தோடு ஒத்துப்போகிறதா, ஏசி ஓடத் தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசுகின்றனவா?

என் சர்வரில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கோளாறு இன்றும் பழைய ரவுட்டர்கள், தொழிற்சாலைக் கருவிகள், 100 மெகாபிட் போர்ட் உள்ள சாதனங்கள் பக்கம் எட்டிப்பார்க்கிறது.

கேபிள் மாட்டியவுடன் கார்டும், மறுமுனையில் கேபிள்களை இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச்சும் ஒன்றுக்கொன்று "எனக்கு இன்ன வேகம் தெரியும், உனக்கு?" என்று கேட்டுக்கொள்ளும். இதுதான் ஆட்டோ நெகோஷியேஷன். 1995இல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரத்தோடு சேர்ந்து வந்தது. வேகத்தோடு இன்னொன்றையும் முடிவு செய்வார்கள்: இருவரும் ஒரே நேரத்தில் பேசலாமா, இல்லை ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டுமா என்பது. முதலாவது ஃபுல் டூப்ளெக்ஸ், இரண்டாவது ஹாஃப் டூப்ளெக்ஸ்.

யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், சர்வரை "100, ஃபுல்" என்று கையால் நிலைநிறுத்திவிட்டுப் போகிறார். அந்தக் கணத்திலிருந்து சர்வர் பேச்சுவார்த்தைக்கே வராது. மறுமுனையில் ஆட்டோவில் இருக்கும் ஸ்விட்ச் என்ன செய்யும்? வருகிற அலையை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஹாஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தரத்தின் விதி. ஆக சர்வர் ஃபுல், ஸ்விட்ச் ஹாஃப். இரண்டு பக்கமும் லிங்க் விளக்கு பச்சையாக எரியும்.

இப்போது பிங் அடியுங்கள். ஒரு சின்னப் பாக்கெட் போகும், கொஞ்சம் கழித்து ஒரு சின்னப் பாக்கெட் வரும். இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும் சந்தர்ப்பமே இல்லை. எல்லாம் நலம். பெரிய ஃபைலை அனுப்பினால் கதை மாறும். ஒரு பக்கம் டேட்டா கொட்டும், மறுபக்கத்திலிருந்து "வந்து சேர்ந்தது" என்ற பதில்கள் ஓயாமல் வரும். சர்வர் தன் இஷ்டத்துக்குப் பேசும். அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த ஸ்விட்ச் அதை மோதல் என்று எண்ணித் தன் பிரேமைப் பாதியில் நிறுத்திவிடும். அந்தப் பாதிப் பிரேம் சர்வருக்கு வரும்போது சிஆர்சி ஒத்துவராது. மோதல் பிரேமின் முதல் 64 பைட் தாண்டிய பிறகு நடந்தால், கார்டுகளும் ஸ்விட்ச்களும் அந்தப் பிரேமைத் திரும்ப அனுப்புவது வழக்கமில்லை. டிசிபி தானாகக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எனவே ஃபுல்லில் இருக்கும் பக்கத்தில் சிஆர்சி பிழைகளும் குட்டைப் பிரேம்களும் ஏறும், ஹாஃபில் இருக்கும் பக்கத்தில் ‘லேட் கொலிஷன்’ (தாமதமான மோதல்) ஏறும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் வேறு சோதனையே தேவையில்லை. நான் சர்வர் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால்கூட சிஆர்சி பிழை எண் ஆயிரக்கணக்கில் நின்றிருப்பது தெரிந்திருக்கும். சர்வரின் துவக்க ஃபைலில் பழைய நிர்வாகி எழுதிவைத்திருந்த ஒரு வரியை நீக்கி ஆட்டோவுக்கு மாற்றினேன். அன்றிரவு பேக்கப் 40 நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் விடியும்வரை ஓடியும் முடியாமல் கிடந்த வேலை அது. நான் வாங்கி மாட்டிய கார்டுகள் இரண்டும் அந்த ஒரு வரிக்குத்தான் கீழ்ப்படிந்துகொண்டிருந்தன.

இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் பலமான கருத்து. செம்புக் கேபிளில் ஓடும் கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம், அது தரத்திலேயே உள்ளது. நிலைநிறுத்தியே தீர வேண்டிய பழைய சாதனம் என்றால் இரு முனைகளிலும் ஒரே மாதிரி நிலைநிறுத்துங்கள்.

கேபிளைக் குறைத்து எடைபோடாதீர்கள்

டூப்ளெக்ஸ் சரியாக இருந்தும் சிஆர்சி ஏறினால் அடுத்த சந்தேகம் கேபிள். 100 மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். இதனால் ஒரு வினோதமான அறிகுறி வரும். நேற்றுவரை 1000 என்று காட்டிய கார்டு இன்று 100 என்று காட்டும், வேலையும் செய்யும். மிச்ச இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருக்கும், கார்டு கிகாபிட்டில் முயன்று முடியாமல் கீழே இறங்கியிருக்கும். ரேக் கதவில் நசுங்கிய கேபிள், சரியாகக் கிரிம்ப் செய்யாத முனை, கொக்கி உடைந்து ஃபேன் அதிர்வில் ஆடும் கனெக்டர் ஆகியவைதான் நான் அதிகம் பார்த்த காரணங்கள். ஃபைபர் என்றால் முனையில் படிந்த தூசி. ‘ஈத்டூல்’ கட்டளையில் சிறிய எம் கொடுத்தால் பல மாட்யூல்கள் தமக்கு வந்துசேரும் ஒளியின் அளவையே சொல்லிவிடும்.

நூற்றில் ஒரு பாக்கெட் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும். பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘ரீனோ’ என்ற பழைய வகை டிசிபிக்கு ஒரு கணக்கு உண்டு: போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் தூரத்தில், 1 சதவீதம் பாக்கெட் தொலைந்தால், ஒரு இணைப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.4 மெகாபிட் மட்டுமே. கார்டு கிகாபிட்டாக இருந்தாலும் இதே கதி. புதிய வகைகள் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ஆரோக்கியமான செம்புக் கேபிளில் சிஆர்சி பிழை எண் நாள்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று ஏறினாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.

பிரேம் நல்லதாக வந்தும் தொலைந்தால்

சிஆர்சி சுத்தம், ஆனால் ‘மிஸ்டு’ அல்லது ‘ஃபிஃபோ’ என்ற சொல் உள்ள எண் ஏறுகிறது. இப்போது கேபிளைத் தொடாதீர்கள். பிரேம் ஒழுங்காகவே வந்தது, வைக்க இடம் இல்லை. ரிங் பஃபர் நிரம்பிவிட்டது.

இன்டெலின் பழைய கிகாபிட் கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் வழக்கமாக ஒதுக்குவது 256 இடம். கிகாபிட் கம்பியில் மிகச் சிறிய 64 பைட் பிரேம்கள் முழு வேகத்தில் வந்தால் செகண்டுக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரும். அந்த வேகத்தில் 256 இடமும் 0.2 மில்லிசெகண்டுக்குள் நிரம்பிவிடும். பெரிய பிரேம்கள் என்றால் செகண்டுக்குச் சுமார் 81 ஆயிரம்தான், நிரம்ப 3 மில்லிசெகண்ட் ஆகும். சிபியு அந்த 3 மில்லிசெகண்டுக்கு வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் பாக்கெட் போச்சு. ‘ஈத்டூல்’ கட்டளையில் சிறிய ஜி கொடுத்துப் பார்த்தால் இப்போது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று தெரியும். பெரிய ஜி கொடுத்து அளவைக் கூட்டலாம். முதலில் 1024க்குக் கூட்டிப் பாருங்கள், எடுத்தவுடன் உச்சத்துக்குப் போக வேண்டாம். கூட்டியும் ஏறினால், எல்லா இன்டரப்டும் ஒரே சிபியு கோரில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் ‘ப்ராக்’ டைரக்டரியின் ‘இன்டரப்ட்ஸ்’ ஃபைல், பிஎஸ்டியில் ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையோடு சிறிய ஐ.

லினக்ஸில் ‘டிராப்டு’ என்ற எண் மட்டும் மெதுவாக ஏறினால் பதற வேண்டாம். 2.6.37 கெர்னலிலிருந்து, தனக்குப் புரியாத வகைப் பாக்கெட்டுகளை ஒதுக்குவதையும் கெர்னல் அதே கணக்கில்தான் சேர்க்கிறது. ஸ்விட்ச் அனுப்பும் அறிவிப்புகளே அந்த எண்ணை ஏற்றிவிடும்.

கார்டு உறைந்து போகும்போது

லாகில் ‘வாட்ச்டாக் டைம் அவுட்’ என்ற வரி வந்தால் அது வேறு வகை. லினக்ஸிலும் வரும், பிஎஸ்டியிலும் வரும். டிரைவர் பாக்கெட்டைக் கார்டிடம் கொடுத்தது, "அனுப்பிவிட்டேன்" என்ற பதிலுக்குச் சில செகண்ட் காத்திருந்தது, பதில் வரவில்லை. அதனால் டிரைவர் கார்டையே ரீசெட் செய்கிறது. பயனாளருக்கு இது சில செகண்ட் நெட்வொர்க் நின்று மறுபடி வந்ததுபோல் தெரியும்.

இதற்கு மின்சாரச் சிக்கன வசதிகள் பலமுறை காரணமாக இருக்கின்றன. வேலை இல்லாதபோது லிங்க்கைத் தூங்கவைக்கும் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ 2010இல் தரமானது. மதர்போர்டு ஸ்லாட்டைத் தூங்கவைக்கும் ‘ஏஎஸ்பிஎம்’ வேறு. தூங்கிய கார்டு சில சேர்க்கைகளில் ஒழுங்காக எழுந்திருப்பதில்லை. இன்டெலின் 82574எல் சிப் ஏஎஸ்பிஎம்மோடு ஒத்துப்போகாமல் தொங்கியது லினக்ஸ் உலகில் நன்றாகத் தெரிந்த ஒன்று. சர்வருக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை என்பேன். முதலில் ஒன்றை அணைத்துப் பாருங்கள், இரண்டு நாள் விடுங்கள், பிறகு அடுத்தது. இரண்டையும் ஒன்றாக அணைத்தால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

அப்புறம் ஆஃப்லோட். பெரிய டேட்டாவைத் துண்டு போடுவது, செக்சம் (சரிபார்ப்பு எண்) கணக்கிடுவது போன்ற வேலைகளைக் கெர்னல் கார்டிடம் ஒப்படைத்துவிடும். டிரைவரிலோ கார்டிலோ பிழை இருந்தால் இங்கேயும் தொங்கும். ஃப்ரீபிஎஸ்டியில் ‘ஐஎஃப்கான்ஃபிக்’ கொண்டும் லினக்ஸில் ‘ஈத்டூல்’ கொண்டும் துண்டு போடும் வசதியான ‘டிஎஸ்ஓ’வை அணைத்துச் சோதிக்கலாம். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் ‘டிசிபிடம்ப்’ ஓட்டினால் நம் சர்வரிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளில் "செக்சம் தப்பு" என்று வரிசையாகக் காட்டும். அது கோளாறு இல்லை. செக்சத்தைக் கார்டு இனிமேல்தான் போடப்போகிறது, டிசிபிடம்ப் அதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டது. மறுமுனையில் பிடித்துப் பார்த்தும் தப்பாக இருந்தால்தான் கவலை.

மலிவான சிப் என்றால் கோளாறு இல்லாமலேயே தடுமாறும் என்பதையும் மனதில் வையுங்கள். ரியல்டெக் 8139 சிப்புக்கு ஃப்ரீபிஎஸ்டி டிரைவர் எழுதிய பில் பால், ‘மட்ட ரகம்’ என்பதற்கே இது புதுப் பொருள் தருகிறது என்ற கருத்தில் மூலநிரலிலேயே குறிப்பு எழுதிவைத்தார். அனுப்புவதற்கு நான்கே இடம், வந்ததை ஒரே பஃபரில் தொடர்ச்சியாக எழுதும், அதை சிபியு உட்கார்ந்து காப்பி செய்து எடுக்க வேண்டும். டிரைவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் வன்பொருளின் குறையை ஓரளவுக்குத்தான் மறைக்க முடியும்.

எந்த எண்ணும் ஏறவில்லையா?

அப்படியானால் கார்டை விட்டுவிடுங்கள். சின்னப் பாக்கெட் போகும், பெரியது போகாது என்றால் எம்டியு (ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்பு) ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் 9000, நடுவில் ஒரு ஸ்விட்ச் 1500 என்று இருக்கும். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே நுழைந்துவிடலாம், நீளமான டைரக்டரியைப் பட்டியலிட்டால் திரை உறைந்துவிடும். துண்டு போடக்கூடாது என்ற ஆப்ஷனோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டோடு அது சரியாக 1500 ஆகும். அது போய், 8972 போகாவிட்டால் நடுவில் எங்கோ 9000 இல்லை.

சர்வர் ஒரு நிமிடம் கிடைக்கிறது, ஒரு நிமிடம் கிடைப்பதில்லை என்றால் அதே ஐபி முகவரியை வேறு யாரோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டி அதைக் கண்டால் லாகில் எழுதிவிடும். இரண்டு கார்டை ஒன்றாகச் சேர்த்து பாண்டிங் செய்திருந்து, சிலருக்கு மட்டும் எப்போதும் மெதுவாக இருந்தால், இரண்டில் ஒரு கால் நொண்டுகிறது. ஒவ்வொரு காலின் கணக்கையும் தனித்தனியே எடுங்கள்.

எல்லாம் பார்த்தும் கார்டு மேல்தான் சந்தேகம் என்றால், புதுக் கார்டு வாங்குவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். முதலில் அதே கேபிளை ஸ்விட்ச்சின் வேறு போர்ட்டில். எண்களைக் குறித்துக்கொண்டு வேகம் அளக்கும் ‘ஐபெர்ஃப்’ ஓட்டி இரு திசையிலும் பத்து நிமிடம் டேட்டாவை ஓட விடுங்கள். அப்புறம் வேறு கேபிள், அதே சோதனை. அப்புறம் அதே கார்டை வேறு ஸ்லாட்டில், கடைசியாக வேறு மெஷினில். கார்டு போன இடத்துக்கெல்லாம் பிழையும் கூடவே போனால் அது கார்டுதான். அதைக் கழற்றி, மேலே தேதியும் எந்த எண் ஏறியது என்பதும் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அலமாரியிலிருந்து அதே கார்டை எடுத்து இன்னொரு சர்வரில் மாட்டிவிடுவார்.